ஒன்பது நாள் குழந்தைக்குக் குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள்?

வண்ணை மாமன் | செவ்வாய், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு ஒன்பது நாள். சுகப்பிரசவம், எடை 2 கிலோ 600. பிறந்த மறுநாள் குழந்தை டாக்டர் வந்து பார்த்தார். குழந்தையைக் குப்புற ஒரு கையில் ஏந்திப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், கால்விரலைப் பார்த்தார், கழுத்துக்குப் பின்னால் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மச்சானை மட்டும் வெளியே கூப்பிட்டு, "குழந்தை கொஞ்சம் தளர்வா இருக்கு, இதயத்துக்கு எக்கோவும் குரோமோசோம் டெஸ்ட்டும் எடுத்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வராண்டாவில் இன்னொருவர்தான் டவுன் சிண்ட்ரோம் என்கிற பேரைச் சொன்னார். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு டெஸ்ட்டும் இன்னும் எடுக்கவில்லை.

தங்கைக்கு 24 வயது. கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார்கள். கட்டிக் கொடுத்தது சொந்த அத்தை மகனுக்கு, அதனால் இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், அத்தையோ "எங்கப்பா மூக்கும் இப்படித்தான் சப்பையா இருக்கும், டாக்டருக்கு என்ன தெரியும்" என்கிறார். தங்கையிடம் இன்னும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, அழுதால் பால் வற்றிவிடும் என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

வெறும் முகத்தையும் கையையும் பார்த்து ஒரு பிள்ளைக்குக் குரோமோசோம் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பச்சிளங்குழந்தை வார்டு | புதன், காலை 6.15

தம்பி, நைட் டியூட்டி முடித்துவிட்டு உங்கள் பதிவைப் பார்த்தேன். பதினேழு வருடமாகப் பிறந்த குழந்தைகள் வார்டில்தான் நர்ஸ் வேலை. குழந்தையைப் பார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் டாக்டர் என்ன தேடினார் என்று சொல்ல முடியும்.

குப்புற ஏந்தியது உடம்பின் முறுக்கைப் பார்க்க. சாதாரணமாக நிறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் குப்புறக் கையில் வைத்தால் கை கால் மடங்கியிருக்கும், தலையை ஒரு நொடியாவது தூக்கப் பார்க்கும். டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது, உள்ள குழந்தை ஈரத்துணி போலக் கையில் இரண்டு பக்கமும் தொங்கும். எங்கள் அனுபவத்தில் முகத்தைவிட இந்தத் தளர்வுதான் முதலில் கையில் தட்டுப்படும். தலையைச் சட்டென்று கொஞ்சம் தாழ்த்தினால் குழந்தை கையை விரித்துத் திடுக்கிடும் இல்லையா, அதுவும் மந்தமாக இருக்கும். 1966இல் ஹால் என்ற மருத்துவர் பிறந்த குழந்தையிடம் பார்க்க வேண்டிய பத்து அடையாளங்களை எழுதிவைத்தார். இந்தத் தளர்வு, திடுக்கிடுதல் குறைவது, தட்டையான முகம், வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சரிந்த கண், சின்னதாக மடிந்த காது, பிடரியில் கூடுதலான தோல், மூட்டுகள் எல்லாப் பக்கமும் வளைவது, உள்ளங்கையில் ஒற்றை ரேகை, சுண்டுவிரலின் நடு எலும்பு குட்டையாக இருப்பது, இடுப்பெலும்பின் அமைப்பு. கடைசியது எக்ஸ்ரேயில்தான் தெரியும். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருக்கும் அகல இடைவெளியும் பார்ப்பார்கள், அது இந்தப் பத்தில் சேராது.

இதில் ஒன்றை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. பிறந்த முதல் நாள் எல்லாக் குழந்தைக்கும் முகம் வீங்கித்தான் இருக்கும், கண்ணைச் சரியாகத் திறக்காது. அழும்போது முகத்தைப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும், பால் குடித்து அமைதியாகக் கிடக்கும்போது பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தை இயல்பாகவே தளர்வாக இருக்கும். ரத்தத்தில் கிருமி, தைராய்டு குறைவு, இதனாலும் தளரும். அப்பா அம்மா முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த விதத்தில் உங்கள் அத்தை சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, கொள்ளுத்தாத்தா மூக்கு சப்பையாக இருந்தால் கொள்ளுப்பேத்தி மூக்கும் அப்படி இருக்கலாம். ஆனால் சப்பை மூக்கோடு தளர்வும், பிடரித் தோலும், பால் இழுக்காததும் சேர்ந்து வரும்போது அதற்குக் கொள்ளுத்தாத்தா காரணம் இல்லை.

இன்னொன்று. கருவிழி ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும் என்று இன்டர்நெட்டில் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளின் கண் அடர்ந்த நிறம், அதில் அது லேசில் தெரியாது. இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

எக்கோவைத் தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே எடுங்கள். மற்றதை மதியம் எழுதுகிறேன்.

மிண்ட் தெரு | புதன், காலை 8.02

சிஸ்டர், எனக்கே வலது கையில் ஒற்றை ரேகைதான். ஜோசியர்கூட ராஜ ரேகை என்று சொல்லியிருக்கிறார். அப்போ எனக்கும் இருக்கிறதா? மங்கோல் குழந்தை என்று எங்கள் தெருவில் ஒரு பையனைச் சொல்வார்கள், அவனுக்கும் அதே ரேகை.

பச்சிளங்குழந்தை வார்டு | புதன், காலை 8.20

இல்லை தம்பி. எந்தக் கோளாறும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு நான்கு பேருக்கு ஒரு கையிலாவது அந்த ரேகை இருக்கும். அதனால்தான் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள் என்றேன்.

மங்கோல் என்ற வார்த்தை வேண்டாம். 1961இலேயே மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, ஒரு நாட்டு மக்களின் பேரைக் குறைக்குப் பேராக வைக்காதீர்கள் என்று லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள், 1965இல் உலக சுகாதார நிறுவனமும் விட்டுவிட்டது. தெருவில் அந்தப் பையனுக்கு ஒரு பேர் இருக்கும், அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மிண்ட் தெரு | புதன், காலை 8.31

மன்னிக்கவும் சிஸ்டர். அர்த்தம் தெரியாமல் எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

காசிமேட்டு அம்மா | புதன், காலை 10.50

மாமனுக்கு. என் மகனுக்கு ஆறு வயது, டவுன் சிண்ட்ரோம். காசிமேட்டில் இருக்கிறோம், வீட்டுக்காரர் லாஞ்சில் போகிறவர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். இவன் பிறந்த இரண்டாம் நாள் எட்டு பத்துப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டி வந்து ஒரு டாக்டர் என் மகனைத் திருப்பித் திருப்பிக் காட்டி இங்கிலீஷில் பேசினார். நான் அதே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரர், மாமியார், அம்மா, பக்கத்துப் பெட் ஆயா வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. மூன்று வாரம். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஏன் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று புரியாமல் நான் ஒவ்வொருவருக்கும் குழந்தையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, கடைக்காரப் பையனிடம் போனை வாங்கித் தேடித் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைக்கு இருக்கிறது என்பதை நான் தாங்கிவிட்டேன். மூன்று வாரம் என்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் அழுததை இன்றைக்கும் தாங்க முடியவில்லை. உங்கள் தங்கையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா | புதன், மதியம் 12.10

எனக்கு இது சரியாகப் படவில்லை. சந்தேகம்தானே, முடிவு வரவில்லையே. ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். ஒருவேளை நார்மல் என்று வந்தால் அந்தப் பெண் இரண்டு வாரம் அழுததற்கு யார் பதில் சொல்வது? என் ஓரகத்தி மகளுக்கு இப்படித்தான் சந்தேகம் சொல்லி, கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவள் குழந்தையைத் தூக்கவே பயந்தாள். அவள் மடியில் போட்டுப் பால் கொடுக்க வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கையில் பேப்பர் வந்த பிறகு சொல்வதுதான் முறை.

காசிமேட்டு அம்மா | புதன், மதியம் 12.35

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எக்கோ எடுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே, எதற்கு என்று பெற்றவள் கேட்க மாட்டாளா? பொய் சொல்லித்தானே கூட்டிப் போக வேண்டும். அந்தப் பொய் பிறகு தெரியவரும்போது அண்ணனை எப்படி நம்புவாள்?

பச்சிளங்குழந்தை வார்டு | புதன், மதியம் 2.40

கொருக்குப்பேட்டை அக்கா சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன், அரைகுறையாகச் சொன்னால் அப்படித்தான் ஆகும். அதற்குச் சொல்லாமல் இருப்பது பதில் இல்லை, ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அம்மா அப்பா இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையை அம்மா மடியில் கொடுத்து, டாக்டர் சொல்ல வேண்டும். "எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு, இதையெல்லாம் பார்த்து வந்தது, டெஸ்ட் வந்தால்தான் உறுதி, அதுவரைக்கும் இதையெல்லாம் பார்த்துக்குங்க" என்று. முதலில் குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் புது டாக்டர்களிடம் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றைத்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன், இதற்காகத்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்வது. டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, அதனால் எல்லோருக்குமே எக்கோ எடுக்கச் சொல்கிறோம். பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் இருப்பது இதெல்லாம் இதயம் திணறுவதன் அடையாளம். நான்கு அறைக்கும் நடுவில் பெரிய ஓட்டை இருக்கும் வகைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப் போனால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாத நிலைக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்து அப்படிப் போன பிள்ளைகள் உண்டு, "வளர்ந்தா சரியாயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு.

பச்சையாக வாந்தி எடுத்தால் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடியுங்கள். முன்சிறுகுடல் அடைப்பாக இருக்கலாம். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமலம் போயிருக்க வேண்டும், போனதா என்று தங்கையிடம் கேளுங்கள். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். எடுத்தாச்சா? முழு ரத்த எண்ணிக்கையும் வேண்டும், இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ரத்த வெள்ளையணு தற்காலிகமாகத் தாறுமாறாக ஏறும். காது கேட்கும் டெஸ்ட், கண்ணில் புரை இருக்கிறதா என்பது, இவ்வளவும் முதல் மாதத்துக்குள்.

பால் கொடுப்பதை நிறுத்தவே கூடாது. மெதுவாகத்தான் இழுக்கும், தாடையை ஒரு விரலால் கீழிருந்து தாங்கிக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். இழுக்க முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம்.

குரோமோசோம் லேப் | புதன், மாலை 7.05

நான் இந்த டெஸ்ட் செய்யும் லேபில் டெக்னீஷியன். எங்களிடம் வரும் தப்பான சாம்பிள்களைப் பார்த்துப் பார்த்து இதை எழுதியாக வேண்டும் போலிருக்கிறது.

ரத்தம் பச்சை மூடி ஹெப்பாரின் ட்யூபில் வர வேண்டும், பிறந்த குழந்தைக்கு 1 முதல் 2 மில்லி போதும். ஊதா மூடி ட்யூபில் கொண்டுவந்தால் செல் ஒழுங்காக வளராது, மறுபடியும் அந்தப் பச்சைக் குழந்தையைக் குத்த வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்னாலேயே சாம்பிள் எடுத்துவிடுங்கள்.

ஏன் இத்தனை நாள் என்று எல்லோரும் சண்டை போடுவார்கள். குரோமோசோமைப் பார்க்க வேண்டுமென்றால் செல் பிரிகிற நேரத்தில் பிடிக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணு சும்மா கிடக்கும், பிரியாது. பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கிற ஒரு புரதத்தைப் போட்டுத் தூண்டிவிட்டு 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்க்கிறோம். அப்புறம் கால்சிசின் வகை மருந்து போட்டுப் பிரிகிற நடுவழியில் நிறுத்தி, உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்துச் செல்லை உப்ப வைத்து, கண்ணாடித் துண்டின் மேல் சொட்டுச் சொட்டாக விடுவோம். சொட்டு விழுந்து பரவும்போது செல் விரிந்து குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரியும். சாயம் ஏற்றினால் ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும், அந்தப் பட்டையை வைத்துத்தான் இது எத்தனையாவது என்று சொல்கிறோம். சாதாரணமாக 20 செல் எண்ணுவோம். 21ஆவதுதான் இருப்பதிலேயே சின்னது, லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். 46க்குப் பதில் 47 இருந்து அதில் அது மூன்றாக இருந்தால் 47,எக்ஸ்எக்ஸ்,+21 என்று ரிப்போர்ட் போகும். இதை முதன்முதலில் கண்டு உலகத்துக்குச் சொன்னது 1959இல், பாரிஸில் லெஜூனும் அவருடன் வேலை செய்தவர்களும்.

அவசரம் என்றால் ஃபிஷ் என்று ஒரு டெஸ்ட் ஓரிரு நாளில் சொல்லிவிடும். ஆனால் முழு டெஸ்ட்டும் எடுத்தே ஆக வேண்டும், காரணம் இதுதான். நூற்றில் 95 பேருக்கு 21 தனியாகக் கூடுதலாக இருக்கும், அது செல் பிரியும்போது தற்செயலாக நடந்தது, அடுத்த குழந்தைக்கு மறுபடி வர நூற்றில் ஒன்று அளவுதான் வாய்ப்பு. மூன்று நான்கு பேருக்குக் கூடுதல் துண்டு இன்னொரு குரோமோசோமில் ஒட்டியிருக்கும். அப்படி வந்தால் அப்பா அம்மா இருவருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். உங்கள் தங்கைக்கு 24 வயதுதான். அடுத்தது பற்றி என்றைக்காவது கேட்பார், அன்றைக்கு இந்தப் பேப்பர் வேண்டும்.

வண்ணை மாமன் | புதன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. கருமலம் முதல் நாளே போய்விட்டது. வாந்தி இல்லை. நெற்றி வேர்க்கிறதா என்று இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன், வேர்க்கிறது. மேலே ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக இருக்கிறது. நாளைக் காலையிலேயே எக்கோவுக்குப் போகிறோம்.

அத்தை மகனைக் கட்டியதால்தானா என்பதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள். வீட்டில் பெரிய சண்டையே அதில்தான்.

குரோமோசோம் லேப் | புதன், இரவு 9.52

இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வரும் ஆபத்து வேறு வகை, இரண்டு பக்கமும் ஒரே பழுதான மரபணு இருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து போவது. டவுன் சிண்ட்ரோம் அப்படி வருவதில்லை, பெரும்பாலும் கருமுட்டை உண்டாகும்போது 21ஆவது ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவதால் வருகிறது. எந்த ஊரில், யாரைக் கட்டினாலும் நடக்கும். கிரகணத்தில் வெளியே போனதாலும் இல்லை, பப்பாளி சாப்பிட்டதாலும் இல்லை. தாய்க்கு வயது கூடக்கூட வாய்ப்பு கூடும், 20 வயதில் ஏறக்குறைய 1500 பேரில் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் நூற்றில் ஒன்று. ஆனால் இளவயதில்தான் நிறையப் பேர் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால் டவுன் குழந்தைகளில் நிறையப் பேரின் அம்மாக்கள் 35க்குக் கீழே இருப்பவர்கள்தான்.

ஸ்கேன் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் பிடரி நீரை அளக்கும் ஸ்கேனையும் ரத்த டெஸ்ட்டையும் சேர்த்து எடுத்தால்கூட நூற்றில் 85, 90 பேரைத்தான் காட்டும். யாரும் தப்பாகப் பார்த்தார்கள் என்று இப்போது தேட வேண்டாம்.

வியாசர்பாடி | வியாழன், காலை 7.15

டவுன் பற்றியே பேசுகிறீர்கள், என் மகள் கதையையும் இதே இடத்தில் வைக்கிறேன், யாருக்காவது உதவும். பிறந்தபோது முகத்தில் ஒன்றுமே தெரியாது, நல்ல களையான குழந்தை. ஆனால் இரண்டு பாதத்தின் மேல்புறமும் பன் மாதிரி உப்பியிருந்தது. கையும் கொஞ்சம். அமுக்கினால் வலி இல்லை, அழவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் நீர் வடிந்துவிடும் என்றார்கள். ஒரு டாக்டரம்மாதான் கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, குழந்தையின் தொடை இடுக்கில் விரலை வைத்து ரொம்ப நேரம் நாடி தேடினார். கையில் நாடி நன்றாக அடிக்கிறது, தொடையில் இல்லை. பெருந்தமனி ஓர் இடத்தில் குறுகியிருந்தது. அன்றைக்கே சேர்த்தோம், ஆபரேஷன் ஆயிற்று. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில்தான்.

டெஸ்ட்டில் 45,எக்ஸ் வந்தது, அதாவது இரண்டு எக்ஸ் குரோமோசோமுக்குப் பதில் ஒன்றுதான், டர்னர் சிண்ட்ரோம். பெண் குழந்தைகளில் 2000, 2500 பேரில் ஒருவருக்கு வருவதாம். இப்போது மூன்றாவது படிக்கிறாள், கணக்கில் வகுப்பில் முன்னால் நிற்கிறாள், உயரம்தான் குறைவு, அதற்கு ஊசி போடுகிறோம். பெண் குழந்தைக்குப் பாதம் உப்பியிருந்தால் சும்மா விடாதீர்கள்.

திருவொற்றியூர் அப்பா | வியாழன், மதியம் 1.20

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். வண்ணை மாமன் பயப்பட வேண்டாம், உங்கள் குழந்தையின் விஷயம் வேறு.

எங்கள் மகளுக்கு 18ஆவது குரோமோசோம் கூடுதலாக இருந்தது. எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள். நிறைமாதம், ஆனால் எடை ஒன்றரைக் கிலோதான். தாடை ரொம்பச் சின்னது, பின்மண்டை நீண்டிருந்தது, குதிகால் பின்னால் துருத்திப் பாதம் தோணியின் அடி மாதிரி வளைந்திருந்தது. என் கண்ணில் நிற்பது அவள் கைதான். எப்போதும் இறுக்கி மூடியிருப்பாள், ஆள்காட்டி விரல் நடுவிரலின் மேல் ஏறியிருக்கும், சுண்டுவிரல் மோதிர விரலின் மேல். என் சுண்டுவிரலை உள்ளே நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பேன், விட்டதும் அதே மாதிரி மடங்கிக்கொள்ளும். முதல் நாளே அந்தக் கையைப் பார்த்துத்தான் டாக்டர் எங்களிடம் பேசினார், இரண்டு பேரையும் உட்காரவைத்து, நேராக. ஒரு வருடத்தைத் தாண்டுவது நூற்றில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகள்தான் என்று மறைக்காமல் சொன்னார். அதனால் ஊசி, மிஷின் என்று அவளை அலைக்கழிக்காமல் மூக்கில் ட்யூப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாற்பத்தோரு நாள் இருந்தாள். சாயங்காலம் கடல் காற்று வரும்போது மாடியில் தூக்கிக்கொண்டு நடப்பேன். பேர் வைத்தோம், தொட்டில் போட்டோம், எல்லாம் செய்தோம்.

முன்கூட்டியே தெரியாமல் இருந்திருந்தால் அந்த நாற்பத்தோரு நாளும் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்றே போயிருக்கும். மாமன், தங்கையிடம் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா | வியாழன், மதியம் 1.45

அண்ணா, படித்துவிட்டு வேலை ஓடவில்லை. நான் நேற்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் மாமன், நீங்கள் தனியாகச் சொல்லாதீர்கள், மச்சான் பக்கத்தில் இருக்கட்டும்.

தண்டையார்பேட்டைப் பேத்தி | வியாழன், மாலை 6.30

எங்கள் ஆயா ஐம்பது வருடமாகப் பிள்ளை குளிப்பாட்டப் போகிறவர், இந்தப் பக்கம் தண்டையார்பேட்டை முதல் அந்தப் பக்கம் கல்மண்டபம் வரை. இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கால நீட்டி மேல போட்டாலே தெரியும்மா. மத்த புள்ளைங்க தண்ணி பட்டா உதைக்கும், இந்தப் புள்ளைங்க உதைக்காது, வழுக்கிக்கினு போவும், அக்குள்ள புடிச்சி தூக்கினா கைக்குள்ளருந்து நழுவும். நான் யார் கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா ராசி கெட்டவன்னு வேற ஆள வெச்சிடுவாங்க."

இப்போது இப்படிப் பார்த்தால் யாரிடம் சொல்லலாம் என்று ஆயா கேட்கிறார்.

பச்சிளங்குழந்தை வார்டு | வியாழன், இரவு 8.10

ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த வழுக்கல் தோளில் முறுக்கு இல்லாததால் வருவது, நாங்களும் அக்குளில் பிடித்துத் தூக்கித்தான் பார்ப்போம். ஏரியா சுகாதார நர்ஸிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லலாம். 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்று திட்டம் இருக்கிறது, பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்காக, அதில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. வீட்டில் சொல்லும்போது பேர் எதுவும் சொல்ல வேண்டாம், "புள்ள தளர்வா இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடும்மா" என்றால் போதும்.

ஆயாவிடம் ஒரு வேண்டுகோள். இப்படித் தளர்வான குழந்தையைக் குளிப்பாட்டி முடித்துக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, கழுத்தைச் சுண்டுவது வேண்டவே வேண்டாம். எந்தக் குழந்தைக்குமே கூடாது, இவர்களுக்குக் கழுத்து எலும்பைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்ந்திருக்கும், உள்ளே தண்டுவடம் நசுங்கலாம். மூக்கை எழுப்ப எண்ணெய் தொட்டு உருவுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குப் போகும்.

தண்டையார்பேட்டைப் பேத்தி | வியாழன், இரவு 8.40

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "இனிமே தூக்க மாட்டேன்னு சொல்லு" என்றார்.

வண்ணை மாமன் | வெள்ளி, இரவு 10.15

நேற்று எக்கோ ஆயிற்று. சிஸ்டர் சொன்ன அந்தப் பெரிய ஓட்டைதான், நான்கு அறைக்கும் நடுவில், வால்வும் சரியாகப் பிரியவில்லை. நீர் பிரிய ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள், எடை ஏற வேண்டும், நான்காவது மாதத்தில் ஆபரேஷன் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையில் குழந்தை பேரைச் சேர்க்கச் சொன்னார்கள். பச்சை மூடி ட்யூபா என்று நானே கேட்டுப் பார்த்துத்தான் ரத்தம் கொடுத்தோம், டி.எஸ்.ஹெச்.சும் சேர்த்து எடுத்தார்கள்.

தங்கையிடம் எக்கோவுக்குப் போவதற்கு முன்னாலேயே, வியாழன் விடியற்காலை சொன்னோம். காசிமேட்டு அம்மா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டிச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மச்சான்தான் பேச ஆரம்பித்தார், பாதியில் முடியவில்லை, மீதியை நான் சொன்னேன். தங்கை அழவில்லை. குழந்தையின் காலை எடுத்து என் கையில் வைத்து, கட்டைவிரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தன் சுண்டுவிரல் நுனியை வைத்துக் காட்டினாள். "மொத நாளே பாத்துட்டேன்ணா. யார கேக்கறதுன்னுதான் தெரியல. அம்மா கிட்ட கேட்டா பயந்துடுவாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

பதினோரு நாளாக அவளுக்குத் தெரியக் கூடாது என்று நாங்களும், எங்களுக்குத் தெரியக் கூடாது என்று அவளும். அத்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது குழந்தையை வாங்கித் தானே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

காசிமேட்டு அம்மா | வெள்ளி, இரவு 10.40

பால் எப்படி இழுக்கிறாள்? என் மகனுக்கு ஆபரேஷன் வரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலாடையில்தான் கொடுத்தேன், ராத்திரி அலாரம் வைத்து. எடை ஏறினால்தான் தேதி தருவார்கள். தங்கைக்குப் பேச வேண்டும் போல் இருந்தால் சொல்லுங்கள், என் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், மீன் ஏலம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

வண்ணை மாமன் | வெள்ளி, இரவு 10.52

அனுப்புங்கள் அக்கா. தங்கை பக்கத்தில்தான் இருக்கிறாள், அவளே கேட்கிறாள். இன்றைக்கு எடை 2 கிலோ 640.